கோப்பையிலேயே கரையும் உறை: மாவுச்சத்தும் பிசினும் கொண்டு நான்கு மாத முயற்சி

உடனடி சூப் பொடி அடைத்து வரும் சிறிய உறை ஒன்றைக் கத்தரித்து, ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். வெளியே அச்சிட்ட பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே பாலிஎத்திலீன். தனித்தனியாக இருந்தால் இவற்றை மறுசுழற்சிக்கு அனுப்ப வழியுண்டு. ஒன்றோடொன்று ஒட்டியபின் பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால் அந்த உறை நேரே குப்பைக்குத்தான் போகிறது. வெறும் 12 கிராம் பொடிக்கு இவ்வளவு அழியாத கவசம் எதற்கு என்ற கேள்வி என்னை விடவில்லை. சூப்பைக் கெட்டியாக்குவது மாவுச்சத்தும் தாவரப் பிசினும்தானே? உறையையும் அவற்றிலேயே செய்து, பொடியோடு சேர்த்துக் கோப்பைக்குள் போட்டுக் கரைத்துவிட்டால் என்ன? அப்படித் தொடங்கிய வேலை நான்கு மாதம் பிடித்தது. சரியாக வந்ததையும் கெட்டுப்போனதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பொடி. மக்காச்சோள மாவுச்சத்தை அப்படியே பொடியில் கலந்து வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டுகிறது. மாவுச்சத்துத் துகள் 62 முதல் 72 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நீரை உறிஞ்சி ஊதிப் பசையாகிறது. உலர்ந்த பொடியின் மேல் சூடான நீர் பட்டவுடன் குவியலின் வெளிப்புறம் வெந்து பசைத்தோலாகிவிடுவதால் உள்ளே நீர் இறங்குவதில்லை. கட்டியை உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு வெள்ளையாக அப்படியே இருக்கும். அடுப்பில் வைத்துச் சமைப்பவர் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டு ஊற்றுவதால் தப்பித்துக்கொள்கிறார். கோப்பையில் நேரடியாக ஊற்றுபவருக்கு அந்த வசதி இல்லை. என் கோப்பையில் ஊற்றிய கொதிநீர் ஒரு நிமிடத்தில் 88 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்பதையும் வெப்பமானியில் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் வேக வைக்கும் சூடு அங்கே கிடையாது.

குவார் பிசின் குளிர்ந்த நீரிலேயே கெட்டியாகும். இது கொத்தவரை விதையின் உள்பருப்பை அரைத்து எடுப்பது. மேனோஸ் என்ற சர்க்கரை கோத்த நீளமான சங்கிலி, அதில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கிளையாகத் தொங்கும் கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. கிளைகள் நெருக்கமாக இருப்பதால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நீரை எளிதில் ஏற்கின்றன. கரோப் என்ற மரத்தின் விதைப் பிசினில் கிளைகள் இதில் பாதிதான் இருக்கும். அது முழுமையாகக் கரைய 80 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். கோப்பைக்குக் குவார்தான் பொருத்தம் என்று முடிவெடுத்தேன். ஆனால் கட்டி தட்டுவதில் குவார் மாவுச்சத்தைவிட மோசம். உப்பும் மற்றப் பொடிகளும் சேர்ந்து குவாரைப்போல் பத்து மடங்கு இருக்கும்படி முதலிலேயே உலர்வாகக் கலந்துவிட்டால் துகள்கள் விலகி நின்று தனித்தனியே நனைகின்றன. 200 மில்லி நீருக்கு அரை கிராம் போதும். ஒரு கிராம் போட்டபோது கரண்டியிலிருந்து சளிபோல் இழுத்தது, வாயில் வைக்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும்: குவார் பொடியை உலர்வாக வாயில் போடக்கூடாது. அது ஈரம் பட்டு வீங்கித் தொண்டையை அடைக்கக்கூடும்.

கெட்டித்தன்மையை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் என்னிடம் இல்லை. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களின் உணவுக்காக வகுத்த ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச முறையில் ஓர் எளிய சோதனை உண்டு. ஊசி பொருத்தாத 10 மில்லி சிரிஞ்சை நிரப்பி, முனையை 10 விநாடி திறந்துவிட்டு, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பது. 1 மில்லிக்குக் குறைவாக நின்றால் தண்ணீர் மாதிரி, 1 முதல் 4 வரை லேசான கெட்டி, 4 முதல் 8 வரை இன்னும் ஒரு படி மேல். எனக்கு வேண்டியது ஏறத்தாழ 3. இந்தச் சோதனை இல்லாவிட்டால் முயற்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே இருக்க முடியாது. ருசி பார்க்கும் நாக்கு நேற்றைய கெட்டியை நினைவில் வைத்திருப்பதில்லை.

நாக்கு என்றவுடன் நினைவுக்கு வருகிறது. மாவுச்சத்து மட்டும் சேர்த்த ஒரு பாத்திரம் சூப் மறுநாள் நீர்த்துப்போயிருந்தது. சூடு, புளிப்பு என்று காரணம் தேடினேன். உண்மைக் காரணம் ருசி பார்த்த கரண்டியையே மறுபடி உள்ளே விட்டது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்துச் சங்கிலிகளை இரவெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தது. குவார் சேர்த்த பாத்திரத்தில் அது நடக்கவில்லை; அமைலேஸ் குவாரைத் தொடாது.

இனி உறை. படலம் வார்க்கும் முறை எளிது. மாவுச்சத்தை நீரில் கரைத்து, கிளிசரின் சேர்த்து, 90 டிகிரிக்கு மேல் கிளறிக்கொண்டே சூடாக்கி, சமதளத் தட்டில் ஊற்றி உலர்த்தி உரிக்க வேண்டும். கிளிசரின் இல்லாவிட்டால் படலம் முட்டை ஓடுபோல் நொறுங்கும். அது சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவை இறுகப் பிணைந்துகொள்ளாமல் தடுக்கிறது. உணவுத் தரமான கிளிசரின்தான் வேண்டும், தோலில் பூசுவதற்கு விற்பது கூடாது.

எவ்வளவு ஊற்றுவது என்பதைத் தோராயமாக விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டேன். 100 கிராம் கஞ்சியில் 5 கிராம் மாவுச்சத்து, 1.5 கிராம் கிளிசரின், ஆக 6.5 கிராம் திடப்பொருள். அதை 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில், அதாவது 400 சதுர சென்டிமீட்டரில் ஊற்றினால், அடர்த்தி 1.4 என்று கொண்டு, காய்ந்த பின் 0.12 மில்லிமீட்டர் தடிமன் வர வேண்டும். மைக்ரோமீட்டரில் 0.11 முதல் 0.14 வரை காட்டியது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரசமட்டம் வைத்துத் தட்டைச் சமன்செய்த பிறகு இந்தக் குறை தீர்ந்தது. சூடாக்கும்போது ஆவியாகும் நீரைக் கடைசியில் எடைபோட்டு ஈடுசெய்வதும் முக்கியம். அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு வார்ப்பும் வேறு வேறு தடிமனில் வந்து நிற்கும்.

முதல் வார்ப்பு மக்காச்சோளம். அறைச்சூட்டில் இரண்டு நாள் காய்ந்து, கைக்கு அழகாக உரிந்து வந்தது. லேசான மங்கல், நல்ல உறுதி, மடித்தால் முறியவில்லை. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி வெந்நீர் ஊற்றும் வரைதான் நிலைத்தது. படலம் ஊதியது, மென்மையானது, கரையவில்லை. ஐந்து நிமிடம் கிளறியும் கோப்பையில் கிழிந்த ஈரக் காகிதம்போல் துண்டுகள் மிதந்தன. ஒரு துண்டைத் தனியே எடுத்து அயோடின் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. மாவுச்சத்தின் ஒரு வகைச் சங்கிலியான அமைலோஸ் நிறைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லாம் இதைப் பொறுத்தே இருக்கிறது. மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: பெரும்பாலும் நேராக நீளும் அமைலோஸ், மரம்போல் கிளைக்கும் அமைலோபெக்டின். வேகும்போது இரண்டும் குலைந்து நீரில் பரவுகின்றன. ஆறும்போது நேர்ச் சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாகப் படிந்து படிகமாகின்றன. கிளைச் சங்கிலிகளுக்கு அது மெதுவாகத்தான் நடக்கும். ரொட்டி நாள்பட விறைப்பதும், கெட்டிப்படுத்திய கூழ் குளிர்பெட்டியில் நீர் கக்குவதும் சங்கிலிகள் இப்படி மீண்டும் சேர்வதால்தான். ஒருமுறை படிகமான அமைலோஸை உருக்க 120 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டாத நீரால் அது முடியாது. மக்காச்சோளத்தில் அமைலோஸ் நாலில் ஒரு பங்கு. இரண்டு நாள் மெல்லக் காயவிட்டு, சங்கிலிகள் கூடிக்கொள்ள எல்லா அவகாசமும் கொடுத்திருந்தேன். உறுதியான படலம் எதனால் உறுதியோ அதனால்தான் அது கரையவும் மறுத்தது.

அடுத்து மரவள்ளி மாவுச்சத்து. இதில் அமைலோஸ் 17 சதவீதம் அளவில்தான். கண்ணாடிபோல் தெளிந்த, வாசனையற்ற படலம். கஞ்சி இழையோடுவதால் ஊற்றும்போது காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொண்டன. மத்தால் கடைவதை நிறுத்தி, தட்டையான மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறி, பத்து நிமிடம் சூட்டிலேயே மூடி வைத்து, மேலே வந்த நுரையை வழித்த பிறகுதான் குமிழி இல்லாத வார்ப்பு கிடைத்தது. குமிழி இருந்த இடத்தில் பின்னால் ஊசித்துளை விழும் என்பதால் இதில் பொறுமை காட்டியே ஆக வேண்டும். வெந்நீரில் இது பெரும்பாலும் கரைந்தது, சில நூல்கள் மட்டும் மிஞ்சின. முன்னேற்றம்தான், ஆனால் குடிப்பவரின் நாக்கில் நூல் தட்டினால் அவர் மறுபடி இதைத் தொட மாட்டார்.

அமைலோஸே கிட்டத்தட்ட இல்லாத மெழுகு வகை மக்காச்சோள மாவுச்சத்தையும் முயன்றேன். தட்டிலிருந்து உரிக்கும்போதே கிழிந்தது. கரைவதில் குறையில்லை, உறையாக நிற்கும் வலுதான் இல்லை. இரண்டு முறை செய்துவிட்டுக் கைவிட்டேன்.

தீர்வு எனக்குப் பொடிப் பக்கத்திலிருந்து வந்தது. வெந்நீரில் உடனே கெட்டியாகும் மாவுச்சத்துப் பொடிகள் விற்கிறார்கள். மாவுச்சத்துக் கஞ்சியைச் சூடான உருளையின் மேல் பூசி, விநாடிக் கணக்கில் உலர்த்தி, சுரண்டி எடுத்து அரைத்தது அது. முன்பே வெந்த மாவுச்சத்துப் படலம், வேறொன்றும் இல்லை. நான் தட்டில் வார்ப்பதும் அதேதான்! அங்கே விநாடிகளில் காய்கிறது, சங்கிலிகளுக்குக் கூடிக்கொள்ள நேரமில்லை. என்னிடம் இரண்டு நாள். அன்று மாலையே அறைச்சூட்டில் உலர்த்துவதை நிறுத்தினேன்.

விசிறி வைத்த உணவு உலர்த்தியில் 70 டிகிரி வைத்தேன். ஓரம் சுருண்டு, நடுவில் வெடித்தது. மேற்பரப்பு ஏடு கட்டி உள் ஈரத்தை அடைத்துவிட்டது. 55 முதல் 60 டிகிரிக்குள் வைத்தபோது ஐந்து மணி நேரத்தில் தட்டையாகக் காய்ந்தது. கூடவே மாவுச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அரபிப் பிசினைச் சேர்த்தேன். அக்கேசியா மரத்தண்டில் கசிந்து உறையும் இந்தப் பிசினுக்கு விசித்திரமான குணம் உண்டு: மற்றப் பிசின்கள் ஒரு சதவீதத்திலேயே கூழாகும்போது இது 30 சதவீதத்திலும் ஊற்றும் பதத்தில் இருக்கும். மூலக்கூறு அவ்வளவு கிளைத்து உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது. அதனால் படலத்துக்குள் மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கு நடுவே நின்று அவற்றைச் சேரவிடாமல் செய்கிறது. வெந்நீர் பட்டதும் முதலில் தான் கரைந்து நீருக்கு வழி திறக்கிறது. இப்படி வார்த்த படலம் 88 டிகிரி நீரில், கிளறக் கிளற, ஒன்றரை நிமிடத்தில் காணாமல் போனது. கோப்பையை விளக்கின் முன் தூக்கிப் பார்த்தேன், ஒரு நூல்கூட இல்லை.

அரபிப் பிசின் சேர்த்ததில் படலத்தின் கிழியும் வலு குறைந்தது. அதை ஈடுகட்ட மிகச் சிறிதளவு குவார் சேர்த்தேன். குவாரைக் கஞ்சியில் கட்டி தட்டாமல் கலக்க ஒரு வழி: முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்வது. கிளிசரினில் குவார் ஊறாது, வெறுமனே பரவி நிற்கும். பிறகு நீரில் விட்டால் தனித்தனித் துகளாகக் கரையும். இன்று வரை நான் வைத்திருக்கும் அளவு, 100 கிராமுக்கு: மரவள்ளி மாவுச்சத்து 4 கிராம், அரபிப் பிசின் 1 கிராம், குவார் 0.2 கிராம், கிளிசரின் 1.5 கிராம், மீதி நீர். கிளறிக்கொண்டே 90 டிகிரிக்குக் கொண்டுபோய், அங்கேயே பத்து நிமிடம் நிறுத்தி, சூடு ஆறாமல் ஊற்ற வேண்டும். ஆறிய பிறகு ஊற்றினால் சங்கிலிகள் சேரும் வேலை தட்டுக்கு வருமுன்பே தொடங்கியிருக்கும்.

கிளிசரின் இனிக்கும். ஓர் உறையில் அரை கிராம் அளவில் போவதால் சூப்பில் மெல்லிய இனிப்புத் தெரிந்தது. பொடியில் உப்பையும் புளிப்பையும் சற்றுக் கூட்டிச் சரிசெய்தேன்.

உறை தைப்பது தனி வேலை. 20 சென்டிமீட்டர் தாளிலிருந்து 10க்கு 14 அளவில் இரண்டு துண்டுகள் வரும். ஒன்றை மடித்தால் 10க்கு 7 உறை. பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டப் பார்த்தேன். சூட்டில் ஓரம் காய்ந்து முறுகியதே தவிர ஒட்டவில்லை. மாவுச்சத்துப் படலம் பாலிஎத்திலீன் மாதிரி உருகாது என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்த அரபிப் பிசினை மெல்லிய தூரிகையால் ஓரத்தில் தடவி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அஞ்சல்தலைகளின் பின்புறம் நெடுங்காலம் பூசப்பட்ட பசை இதுதான். கத்தரித்து மிஞ்சும் கீற்றுகளை நான் எறிவதில்லை. நன்றாகக் காயவைத்து அரைத்தால் அதுவே உடனே கெட்டியாகும் மாவுச்சத்துப் பொடி, அடுத்த தொகுதிப் பொடிக்குள் போகிறது.

இதுவரை உறை தண்ணீரில் கரைய வேண்டும் என்று பாடுபட்டேன். இனி அது காற்றின் ஈரத்தில் கரையாமல் இருக்க வேண்டும். இரண்டு மூடிய டப்பாக்கள் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் சமையல் உப்பை நீரில் கரையாத அளவுக்குக் குழைத்து ஒரு கிண்ணத்தில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மற்றதில் மக்னீசியம் குளோரைடு அதேபோல், 33 சதவீதம். இந்த இரண்டு கிண்ணங்களும் எனக்கு ஓர் ஆய்வகத்தின் வேலையைச் செய்துகொடுத்தன.

75 சதவீதப் பெட்டியில் மூன்றாம் நாளே உறைகள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டின. பொடி கட்டியானது. மூன்றாம் வாரம் ஓர் உறையில் பூஞ்சணப் புள்ளி தெரிந்தது. தேன்மெழுகை 65 டிகிரியில் உருக்கி வெளிப்புறம் மெல்லப் பூசிப் பார்த்தேன். ஈரம் தாமதமானது உண்மை. ஆனால் சூப்பின் மேல் மெழுகுத் துளிகள் மிதந்து, கோப்பையின் விளிம்பில் உறைந்தன. கரைய வேண்டிய உறைக்கு மெழுகு உதவாது. மடித்துப் பிரிக்கும் காகிதத்துக்கு அது பொருந்தலாம்.

33 சதவீதப் பெட்டி வேறொன்றைக் காட்டியது. பொடி உலர்ந்திருக்க வேண்டுமே என்று அதை ஓவனில் நன்றாகக் காயவைத்து அடைத்திருந்தேன். நான்காம் நாள் உறைகள் மடிப்பில் முறிந்து பொடி சிந்தியது. எலும்பாகக் காய்ந்த பொடி, உறைக்குள் இருந்த ஈரத்தை இழுத்துவிட்டது. படலத்தை இளக்கி வைப்பதில் கிளிசரினுக்கு இணையான பங்கு அந்தக் கொஞ்ச நீருக்கும் உண்டு. இப்போது பொடியையும் படலத்தையும் அதே 33 சதவீதப் பெட்டியில் இரண்டு நாள் திறந்தே வைத்துவிட்டுத்தான் அடைக்கிறேன். இரண்டின் ஈரநிலையும் சமமானபின் ஒன்றிலிருந்து மற்றதற்கு நீர் நகரக் காரணமில்லை. மடிப்பையும் கூர்மையாக அழுத்தாமல் ஒரு பென்சிலைச் சுற்றி வளைத்துவிடுகிறேன்.

இந்தப் படலத்தின் நல்ல குணம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். எண்ணெய் அதை ஊடுருவாது. வறுத்த விதைத் தூள் கலந்த எண்ணெய்ப் பொடியை ஒரு மாதம் வைத்திருந்தும், வெளியே சுற்றிய வெள்ளைத் தாளில் ஒரு கறை இல்லை. உலர்ந்த நிலையில் ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும் என்பதால் அந்தப் பொடியில் காறல் வாடையும் வரவில்லை. நீராவி ஒன்றுதான் இதற்கு எதிரி. அதனால் இதைத் தனியே கடைத் தட்டில் நிறுத்தும் உறையாக நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பத் திரும்ப நிரப்பப்படும், இறுக மூடும் டப்பாவுக்குள் வைக்கும் உள்ளுறையாகவே இதற்கு இடம். ஒரு டப்பாவில் முப்பது உறைகள் அடங்கும். அந்த முப்பது உறைகளுக்கான அலுமினியத் தாளும் பாலியெஸ்டரும் இல்லாமல் போகின்றன.

இதைப் பார்த்த சிலர் தாவரப் பிளாஸ்டிக் என்று விற்கும் பாலிலாக்டிக் அமிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதுவும் மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரையைப் புளிக்கவைத்துத் தொடங்குவதுதான். ஆனால் வேதிமுறையில் வேறு பொருளாகிவிடுகிறது. அது மட்க 60 டிகிரியை ஒட்டிய சூடு நிலவும் தொழில்முறை உரக்கிடங்கு வேண்டும், வீட்டுத் தொட்டியில் நெடுநாள் அப்படியே கிடக்கும். என் படலத்தின் வீணான துண்டுகளை ஈரமான மட்குத் தொட்டியில் போட்டேன். ஐந்தாம் நாள் தேடியபோது கையில் எதுவும் அகப்படவில்லை.

கடைசித் தொகுதியில் எட்டு உறைகள் செய்தேன். முப்பது நாள் டப்பாவில் இருந்தபின் இரண்டைத் திறந்து சோதித்தேன். மடிப்பு முறியவில்லை. வெந்நீரில் கரைய இரண்டு நிமிடம் ஆனது. புதிதாக இருந்தபோது ஒன்றரை. சிரிஞ்சில் 3.2 மில்லி நின்றது. கரையும் நேரம் கூடியிருப்பது, சங்கிலிகள் உலர்ந்த நிலையிலும் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்பதையே காட்டுகிறது. அரபிப் பிசினை 1.5 கிராமாக உயர்த்தி, மாவுச்சத்தை அதே அளவு குறைத்த வார்ப்பு ஒன்று இப்போது உலர்த்தியில் இருக்கிறது. மீதி ஆறு உறைகளை அறுபதாம் நாள் திறப்பதற்காகத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.